மூலைமுடுக்குக் கட்டுரைகள்: தேடுவதும் சோதிப்பதும்

மாமல்லபுரத்துக்குப் போகிற எல்லோரும் அந்தப் பாறையடியில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்கிறார்கள். கையை உயர்த்திப் பாறையைத் தாங்குவதுபோல ஒன்று, முதுகைக் கொடுத்து முட்டுவதுபோல இன்னொன்று. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் கைகோத்து நின்றதும் அதன் முன்புதான். சுமார் 250 டன் எடை என்று சொல்லப்படும் அந்த 'வெண்ணெய் உருண்டை'யைப் பற்றி இணையத்தில் தேடினால் விக்கிப்பீடியாவில் உள்ள ஒரு யானைக் கதை முந்திக்கொண்டு வரும். 1908-ல் சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் ஹேவ்லாக், பாறை உருண்டு ஆபத்து நேருமோ என்று அஞ்சி, ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் சொன்னாராம். பாறை அசையவே இல்லையாம்.

நல்ல கதை. ஆனால் அந்தக் கதையில் வரும் ஹேவ்லாக்கின் விக்கிப்பீடியாப் பக்கத்தையும் திறந்து பார்த்தால் அது ஆட்டம் காண்கிறது. அவர் சென்னை ஆளுநராக இருந்தது 1896 முதல் 1900 வரை. 1908 ஜூன் மாதம் அவர் இறந்தே போனார். அந்த ஆண்டு சென்னையை ஆண்டவர் வேறொரு ஆர்தர், 1906 முதல் 1911 வரை பதவியில் இருந்த ஆர்தர் லாலி. ஆக, ஆண்டு தவறாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆளுநரின் பெயர் தவறாக இருக்க வேண்டும். இரண்டும் ஒருசேரச் சரியாக இருக்க வழியில்லை. கலைக்களஞ்சியத்தின் ஒரு பக்கம் சொன்னதை அதே கலைக்களஞ்சியத்தின் இன்னொரு பக்கம் மறுக்கிறது. இதைக் கண்டுபிடிக்க நூலகம் போக வேண்டியதில்லை, இரண்டு நிமிடம் போதும். ஆனாலும் யானைக் கதை பயணக் கட்டுரைகளிலும் செய்தித் தளங்களிலும் அப்படியே நடமாடிக்கொண்டிருக்கிறது.

விநோதக் கட்டுரைகளைப் படிப்பதில் இரண்டு இன்பங்கள் உண்டு. "அப்படியா!" என்று வியப்பது முதலாவது. அதை எல்லோரும் அனுபவிக்கிறார்கள், வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்பிவிட்டு மறந்தும் போகிறார்கள். வியப்பின் அடியைத் தோண்டிப் பார்ப்பது இரண்டாவது. இந்த அத்தியாயம் பெரும்பாலும் அந்த இரண்டாவதைப் பற்றியது.

எங்கே தேடுவது?

ஆங்கில விக்கிப்பீடியாவில் 'வழக்கத்துக்கு மாறான கட்டுரைகள்' என்ற பொருளில் ஒரு பட்டியல் பக்கம் இருக்கிறது. தன்னார்வலர்கள் தொகுத்தது, துறைவாரியாகப் பிரித்து வைத்தது. புதிதாகத் தொடங்குபவருக்கு அது பல மாதங்களுக்குத் தாங்கும். கழிவறைக் காகிதச் சுருளை முன்பக்கம் தொங்கவிடுவதா, சுவர்ப்பக்கம் தொங்கவிடுவதா என்ற விவாதத்துக்கு ஒரு நீண்ட கட்டுரை இருக்கிறது. 897-ல் ரோமில், இறந்துபோன போப் ஃபார்மோசஸின் உடலைக் கல்லறையிலிருந்து எடுத்து, ஆசனத்தில் அமர்த்தி, குற்றம் சாட்டி விசாரித்ததற்கு ஒரு கட்டுரை. 1945-ல் அமெரிக்காவின் கொலராடோவில் தலை வெட்டப்பட்ட பிறகும் ஒன்றரை ஆண்டு உயிரோடிருந்த சேவலுக்கு ஒரு கட்டுரை. ஆனி ராவர்டா என்ற அமெரிக்கர் 2020-ல் இத்தகைய பக்கங்களைப் படம்பிடித்து இன்ஸ்டாகிராமில் போடத் தொடங்கினார். 'டெப்த்ஸ் ஆஃப் விக்கிப்பீடியா' என்ற அந்தக் கணக்கை இன்று லட்சக்கணக்கானோர் பின்தொடர்கிறார்கள்.

தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கியது. அதன் ஆரம்ப காலத்திலிருந்தே ஆயிரக்கணக்கில் கட்டுரை எழுதிய இ. மயூரநாதனுக்குக் கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015-ம் ஆண்டுக்கான இயல் விருதை வழங்கியது. தமிழில் அலைய விரும்புபவருக்கு 'ஏதாவது ஒரு கட்டுரை' என்ற இணைப்பு நல்ல தொடக்கம். முதல் சில சொடுக்குகளில் ஒரு ஊராட்சியோ ஒரு திரைப்படமோ ஒரு வண்டினமோ வரும். சலித்துவிடக் கூடாது. பிடித்த ஒன்று அகப்பட்டதும் பக்கத்தின் அடியில் உள்ள 'பகுப்பு' வரிசைக்குப் போக வேண்டும், ஒரே இனத்துக் கட்டுரைகள் அங்கே கூட்டமாகக் கிடைக்கும். கருவிப் பட்டியில் 'இப்பக்கத்தை இணைத்தவை' என்று ஒன்று இருக்கிறது. பலரும் தொடாத அந்த இணைப்பு, இந்தக் கட்டுரையை வேறெந்தக் கட்டுரைகள் சுட்டுகின்றன என்று காட்டும். தொடர்பே இல்லை என்று தோன்றும் இரண்டு விஷயங்கள் அங்கேதான் கைகுலுக்குகின்றன.

எல்லைகள் என்ற பகுப்பில் இறங்குபவர் தஹாலா கக்ராபாரியில் போய் நிற்பார். வங்கதேசத்துக்குள் ஒரு இந்தியத் துண்டு, அதற்குள் ஒரு வங்கதேசத் துண்டு, அதற்குள் மறுபடியும் ஒரு இந்தியத் துண்டு. கடைசித் துண்டின் பரப்பு ஏறத்தாழ 7,000 சதுர மீட்டர், இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இரு நாடுகளும் நிலத்துண்டுகளை மாற்றிக்கொண்ட 2015-ம் ஆண்டோடு இந்த விநோதம் முடிந்தது. அப்போது கைமாறியவை வங்கதேசத்துக்குள் இருந்த 111 இந்தியத் துண்டுகளும் இந்தியாவுக்குள் இருந்த 51 வங்கதேசத் துண்டுகளும். வரைபடத்தைப் பார்த்துச் சிரிப்பவர்கள் அடுத்த பத்தியையும் படிக்க வேண்டும். அந்தத் துண்டுகளில் வாழ்ந்தவர்கள் பள்ளிக்கூடம், மருத்துவமனை, மின்சாரம் என்று எதற்கும் எந்த அரசிடமும் உரிமையோடு போய் நிற்க முடியாமல் பல பத்தாண்டுகளைக் கழித்தார்கள்.

தலைப்பு சிரிப்பூட்டும் இடத்தில்தான் நிதானம் அதிகம் வேண்டும். 'மாபெரும் மொலாசஸ் வெள்ளம்' என்ற தலைப்பைப் பார்த்ததும் யாருக்கும் புன்னகை வரும். சர்க்கரை ஆலைகளில் மிஞ்சும் கழிவுப்பாகுதான் மொலாசஸ். 1919 ஜனவரி 15 அன்று பாஸ்டன் நகரின் நார்த் எண்ட் பகுதியில், 50 அடி உயரத் தொட்டி ஒன்று வெடித்து, 20 லட்சம் கேலனுக்கும் மேற்பட்ட பாகு தெருவில் பாய்ந்தது. 21 பேர் இறந்தார்கள், சுமார் 150 பேர் காயமடைந்தார்கள். தொட்டி முன்பே ஒழுகிக்கொண்டிருந்தது. ஒழுகல் கண்ணில் படாதபடி அதற்குப் பழுப்பு வண்ணம் பூசியிருந்தார்கள். அந்த ஒரு தகவலைப் படித்த பிறகு யாரும் இந்தக் கட்டுரையை வேடிக்கைச் செய்தியாக அனுப்ப மாட்டார்கள்.

எண்ணிக்கையைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பது

விநோதக் கட்டுரைகளுள் அதிகம் பகிரப்படுவது ஆஸ்திரேலியாவின் ஈமுப் போராகவே இருக்கும். கொங்கு வட்டாரத்தில் ஈமுப் பண்ணைகளில் பணம் போட்டு இழந்தவர்களுக்கு அந்தப் பறவையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் 1932-ல் அது ஒரு ராணுவப் பிரிவையே அலைக்கழித்த வரலாறு வேறு.

முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு மேற்கு ஆஸ்திரேலியாவில் அரசு நிலம் கொடுத்திருந்தது. அவர்கள் கோதுமை பயிரிட்டார்கள். 1929-ல் தொடங்கிய பொருளாதார மந்தத்தில் கோதுமை விலை சரிந்தது. கடனில் மூழ்கியிருந்த நேரத்தில் சுமார் 20,000 ஈமுக்கள் வயல்களில் இறங்கின. உட்பகுதியிலிருந்து கடற்கரை நோக்கி ஆண்டுதோறும் இடம்பெயரும் பறவைகள் அவை. வழியில் பயிரும் கால்நடைகளுக்காகத் தேக்கிய தண்ணீரும் கிடைத்ததும் அங்கேயே தங்கிவிட்டன. முயல்கள் வராமல் போட்டிருந்த வேலிகளையும் பிய்த்தெறிந்தன. போர் பார்த்துப் பழகிய விவசாயிகள் இயந்திரத் துப்பாக்கி கேட்டார்கள். பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பியர்ஸ் சம்மதித்தார். மேஜர் மெரடித் தலைமையில் இரண்டு வீரர்கள், இரண்டு லூயிஸ் துப்பாக்கிகள், 10,000 தோட்டாக்கள். நவம்பர் 2 அன்று கேம்பியன் பகுதியில் வேலை தொடங்கியது. ஈமுக்கள் சிறு சிறு கூட்டங்களாகச் சிதறி ஓடின. ஒரு வாரத்துக்குள் படை திரும்ப அழைக்கப்பட்டது. விவசாயிகள் மறுபடி கேட்கவே மீண்டும் போய், டிசம்பர் பத்தாம் தேதி வாக்கில் முடித்துக்கொண்டது.

மெரடித்தின் கணக்குப்படி 9,860 தோட்டாக்களுக்கு 986 பறவைகள் விழுந்தன. படிப்பவர் இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். பறவைக்குச் சரியாகப் பத்துத் தோட்டா, ஒன்று கூட இல்லை, ஒன்று குறையவும் இல்லை. ஓடும் பறவைகளைச் சுட்டதில் இவ்வளவு நறுக்கான கணக்கு வருமா? பொய் என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். எந்த எண்ணை எண்ணினார்கள், எந்த எண்ணைக் கணக்குப் போட்டு எழுதினார்கள் என்று கேட்கத் தோன்றினால் போதும். விடை தேட வழி இருக்கிறது. ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்' தளத்தில் 1932-ம் ஆண்டு நாளிதழ்களை இலவசமாகப் படிக்கலாம். நவம்பர் மாதச் செய்திகளை ஒவ்வொன்றாகப் புரட்டும்போது, அது யாரும் பிரகடனம் செய்த போரல்ல, பத்திரிகைகள் சூட்டிய பெயர் அது என்பதும் புரியும். கட்டுரையைப் பகிர்பவர்கள் விட்டுவிடும் இன்னொரு எண்ணும் உண்டு. துப்பாக்கிப் படையை விட்டுவிட்டு, பறவைக்கு இவ்வளவு என்று அரசு சன்மானம் கொடுத்தபோது, 1934-ல் ஆறு மாதத்தில் 57,034 பறவைகளுக்குப் பணம் கோரப்பட்டது. ஈமு வென்றது என்று கதையை முடிப்பவர்கள் இந்த வரி வரை வருவதில்லை.

கேரளத்தின் சிவப்பு மழைக்கும் இதே கதிதான். 2001 ஜூலை முதல் செப்டம்பர் வரை கோட்டயம் உள்ளிட்ட பகுதிகளில் அவ்வப்போது செந்நிற மழை பெய்தது. துணியில் பட்டால் கறை படிந்தது. மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காட்ஃப்ரே லூயிஸ், சந்தோஷ் குமார் இருவரும் அந்தத் துகள்கள் விண்வெளியிலிருந்து வந்த உயிரணுக்களாக இருக்கலாம் என்று 2006-ல் கட்டுரை வெளியிட்டார்கள். உலகப் பத்திரிகைகள் அதைத் தூக்கிப் பிடித்தன. ஆனால் 2001 நவம்பரிலேயே திருவனந்தபுரத்தின் இரண்டு ஆய்வு நிறுவனங்கள் கூட்டாக அறிக்கை கொடுத்திருந்தன. மரப்பட்டைகளிலும் பாறைகளிலும் வளரும் டிரென்டிபோலியா என்ற பாசியின் வித்துகளே நிறத்துக்குக் காரணம் என்றது அந்த அறிக்கை. விளக்கம் முதலில் வந்தது, பரபரப்பு பின்னால் வந்தது. பகிர்வுகளில் வரிசை தலைகீழாகிவிட்டது. பாசி ஏன் அந்த ஆண்டு அவ்வளவு வித்துகளைக் காற்றில் விட்டது என்பதுதான் உண்மையில் சுவையான கேள்வி.

நியூசிலாந்தில் ஒரு தமிழ் மணி

தமிழ் வாசகர் தன் மொழியைப் பற்றி ஏதாவது விநோதம் தேடினால், வெலிங்டன் நகரின் தே பாப்பா அருங்காட்சியகத்துக்குச் சொந்தமான வெண்கல மணியிடம் போய்ச் சேர்வது நல்லது. வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார், அச்சகரும் தாவரவியலாளருமான அவர், 1836-ஐ ஒட்டி நியூசிலாந்தின் வடக்கே மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைப் பார்த்தார். மணியின் விளிம்பு உடைந்திருந்தது. தலைகீழாகப் பிடித்தால் நல்ல சமையல் பாத்திரம். அதற்குப் பதிலாக ஓர் இரும்புப் பாத்திரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டார். அதன் மேல் இருந்த எழுத்து தமிழ். முகைதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்பது அதன் பொருள்.

இதுவரை சொன்னவை பொருளும் பதிவும் நிற்கும் தரை. இதற்கு மேல் யூகம் தொடங்குகிறது. ஐரோப்பியருக்கு முன்பே தமிழர்கள் நியூசிலாந்தில் குடியேறினார்கள் என்று எழுதும் பக்கங்கள் இணையத்தில் ஏராளம். மணி அவ்வளவு சொல்லவில்லை. தமிழில் எழுதத் தெரிந்தவர்கள் வார்த்த மணி அது, முஸ்லிம் பெயர் கொண்ட ஒருவரின் கப்பலில் தொங்கியது, எப்படியோ தெற்குக் கடலின் அந்தக் கரைக்கு வந்தது. ஆளில்லாமல் மிதந்துவந்த கப்பலோடு வந்திருக்கலாம், இன்னொரு நாட்டு மாலுமியின் கையில் வந்திருக்கலாம். குடியேற்றத்தைக் காட்டும் வேறு சான்று அந்த மணியோடு கிடைக்கவில்லை. தெரிந்ததை வைத்துக்கொண்டாலே இது அருமையான பொருள்: ஒரு கப்பல்காரரின் பெயர், மாவோரிச் சமையலடுப்பின் மேல் தமிழில் இருந்திருக்கிறது. கட்டுரையைப் படிக்கும்போது 'கருதப்படுகிறது', 'இருக்கலாம்', 'என்று சிலர் கூறுகின்றனர்' ஆகிய சொற்களை ஒரு பென்சிலால் வட்டமிடுவதாக நினைத்துக்கொண்டு படித்தால் தரை எது, யூகம் எது என்று தானாகப் பிரிந்துவிடும்.

இல்லாத போர், இல்லாத சுரங்கம்

சில கட்டுரைகளில் தரையே இருக்காது.

கோவாவின் பிச்சோலிம் பகுதியில் 1640-41-ல் போர்ச்சுகீசியருக்கும் மராத்தியப் பேரரசுக்கும் நடந்த மோதலைப் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007-ல் விரிவான கட்டுரை ஒன்று எழுதப்பட்டது. அடிக்குறிப்புகள் ஒழுங்காக இருந்தன. சுமார் இரண்டு மாதங்களில் அதற்கு 'நல்ல கட்டுரை' என்ற தரச்சான்றும் கிடைத்தது. 2012 டிசம்பரில்தான் அது நீக்கப்பட்டது. அப்படியொரு போரே நடக்கவில்லை, மேற்கோளாகக் காட்டிய புத்தகங்களும் இல்லை. ஐந்தாண்டு காலம் பலர் கண்ணிலும் படாத தடயம் முதல் வரியிலேயே இருந்தது. சிவாஜி பிறந்தது 1630-ல், முடிசூடியது 1674-ல். 1640-ல் பத்து வயதுச் சிறுவன். மராத்தியப் பேரரசு அப்போது எங்கிருந்து வந்து போரிட்டது? பள்ளிப் பாடம் நினைவிருந்தவர் யாராவது நின்று கேட்டிருக்கலாம்.

சீன விக்கிப்பீடியாவில் நடந்தது இதைவிடப் பெரிது. 2022-ல், நாவலுக்குத் தகவல் தேடிய ஓர் எழுத்தாளர், ரஷ்யாவின் காஷின் வெள்ளிச் சுரங்கம் பற்றிய கட்டுரையில் மூழ்கினார். சுரங்கத்தின் அமைப்பு, அடிமைத் தொழிலாளர்கள், நிலவியல் என்று எல்லாம் நுணுக்கமாக இருந்தன. ரஷ்ய மொழி தெரிந்தவர்களிடம் மேற்கோள் நூல்களைச் சரிபார்க்கச் சொன்னபோது, சில நூல்கள் இல்லவே இல்லை என்றும் இருக்கும் நூல்களில் அந்தச் செய்தி இல்லை என்றும் தெரிந்தது. ஒரே ஆள் சுமார் பத்தாண்டுகளாக 206 கட்டுரைகளில் ஒரு கற்பனை ரஷ்யாவைக் கட்டியிருந்தார். மொழி தெரியாமல் இயந்திர மொழிபெயர்ப்பை வைத்துப் படித்ததாகவும், புரியாத இடங்களைக் கற்பனையால் நிரப்பத் தொடங்கியது வளர்ந்துவிட்டதாகவும் மன்னிப்புக் கடிதத்தில் எழுதினார். அடிக்குறிப்பு இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது, அதில் ஒன்றையாவது திறந்து, அந்தப் பக்கத்தில் அந்தச் செய்தி உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

அச்சுக் காலத்திலும் இது உண்டு. 1975-ம் ஆண்டின் நியூ கொலம்பியா கலைக்களஞ்சியத்தில் லில்லியன் வர்ஜினியா மவுண்ட்வீசல் என்ற புகைப்படக் கலைஞரின் வாழ்க்கைக் குறிப்பு வந்தது. அப்படி யாரும் பிறக்கவே இல்லை. யாராவது களஞ்சியத்தைத் திருடி அச்சிட்டால் இந்தப் பதிவும் கூடவே போய்க் காட்டிக்கொடுக்கும் என்பது ஏற்பாடு. அதனால்தான் இத்தகைய பொறிப் பதிவுகளுக்கு ஆங்கிலத்தில் 'மவுண்ட்வீசல்' என்றே பெயர் வந்துவிட்டது.

வட்டமடிக்கும் பொய் இன்னும் வழுக்கலானது. 2008-ல் அமெரிக்க மாணவர் ஒருவர், தென்னமெரிக்கப் பிராணியான கோவாட்டி பற்றிய கட்டுரையில் அதற்குப் 'பிரேசிலிய ஆர்ட்வார்க்' என்றும் பெயருண்டு என்று ஒரு வரி சேர்த்தார். அவரே உருவாக்கிய பெயர் அது. ஆர்ட்வார்க் ஆப்பிரிக்க விலங்கு, கோவாட்டிக்கு உறவே அல்ல. பத்திரிகைகள் அந்தப் பெயரை எடுத்து எழுதின. பிறகு அந்தப் பத்திரிகைச் செய்தியே விக்கிப்பீடியாவில் சான்றாக வந்து உட்கார்ந்தது. இப்படிச் சான்று பிறக்கும் முறைக்கு ஓவியர் ராண்டல் மன்ரோ 2011-ல் தன் கேலிச்சித்திரத்தில் ஒரு தனிச் சொல்லையே உருவாக்கினார்.

இதைப் பிடிக்கும் கருவி ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இருக்கிறது. 'வரலாறு' என்ற தாவலைத் திறந்தால், எந்த வரி எந்தத் தேதியில் நுழைந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம். அந்தத் தேதியை, சான்றாகக் காட்டிய செய்தியின் தேதியோடு ஒப்பிட வேண்டும். வரி முதலில் வந்து சான்று பின்னால் வந்திருந்தால் அந்தச் சான்றைத் தள்ளிவைத்துவிட்டு, அதற்கு முந்தைய நூல் ஏதாவது அதைச் சொல்கிறதா என்று தேட வேண்டும். சுட்டிய இணைப்பு செத்துப்போயிருந்தால் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பழைய பிரதி பெரும்பாலும் கிடைக்கும். பக்கத்திலேயே 'உரையாடல்' தாவலும் உண்டு. கட்டுரை வழவழப்பாக இருக்கும்போதும், எழுதியவர்கள் எதைப் பற்றிச் சண்டையிட்டார்கள் என்பது அங்கே பச்சையாகக் கிடக்கும். பல விநோதக் கட்டுரைகளில் கட்டுரையைவிட உரையாடல் சுவையானது.

தமிழ்ப் பொருள்களைச் சரிபார்க்க இணையத்துக்குள்ளேயே நல்ல இடங்கள் இருக்கின்றன. பெரியசாமித் தூரன் ஆசிரியராக இருந்து உருவாக்கிய பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் புரட்டலாம். இலங்கைப் பொருள்களுக்கு 'நூலகம்' தளத்தில் பழைய இதழ்களும் நூல்களும் அச்சுப் பக்கங்களாகவே கிடைக்கின்றன.

தவறு கண்டுபிடித்தவர் அத்தோடு நின்றுவிடக் கூடாது. வரியை அழிப்பதற்கு முன் உரையாடல் பக்கத்தில், எந்தச் செய்தி, எதனோடு முரண்படுகிறது, சான்று என்ன என்று மூன்று வரி எழுதினால் போதும். எங்கே எழுதுவது என்று தெரியாதவர், தமிழ் விக்கிப்பீடியாவின் பொது மன்றமான 'ஆலமரத்தடி'யில் கேட்கலாம். வெண்ணெய் உருண்டையைப் பொறுத்தவரை அடுத்த வேலை திரைக்கு வெளியே இருக்கிறது. எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அந்தக் காலத்துச் சென்னை மாகாண அரசாணைகள் காக்கப்படுகின்றன. ஆய்வு அனுமதி பெற்று, 1896-லிருந்து 1911 வரையிலான அட்டவணைகளைக் கேட்டு, செங்கல்பட்டு மாவட்டப் பொதுப்பணிகள் என்ற இடத்திலிருந்து பார்க்கத் தொடங்கலாம். 'மாமல்லபுரம்' என்ற பெயரில் மட்டும் தேடினால் தப்பிப்போகலாம். வெள்ளையர்கள் அந்த ஊரை 'மகாபலிபுரம்' என்றும் 'செவன் பகோடாஸ்' என்றும் எழுதினார்கள், அந்த இரண்டு பெயர்களிலும் பார்க்க வேண்டும்.